கற்பிட்டியிலிருந்து டொலருக்கு எழுதுவோரும் 15 வீத வரியும்

வெளிநாட்டாருக்குச் சேவை வழங்கி அந்நியச் செலாவணியில் உழைப்போரின் வருமானத்துக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஏப்ரல் 1 உடன் முடிவுக்கு வந்தது. அன்றிலிருந்து '15 வீதம்' என்ற எண்தான் எல்லோர் வாயிலும். கொழும்பின் மென்பொருள் நிறுவனங்களுக்கு அது நியாயமான கவலை. ஆனால் கற்பிட்டி, புத்தளம், முந்தல், உடப்பு என்று இந்தக் கரையோரத்தில், வீட்டின் ஒரு மூலையில் மடிக்கணினியுடன் அமர்ந்து வெளிநாட்டு இணையத்தளங்களுக்குக் கட்டுரையும் விளம்பர வாசகமும் எழுதிக் கொடுப்பவருக்கு அந்த எண் எவ்வளவு பொருந்தும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் பைவர் தளத்தின் ஊடாக மாதம் 250,000 ரூபா பெறுமதியான எழுத்து வேலை செய்கிறார் என்று வையுங்கள். தளம் தனது தரகாக 20 வீதத்தை, அதாவது 50,000 ரூபாவை, முதலிலேயே கழித்துக்கொள்ளும். மிச்சம் 200,000. ஆண்டுக்கு 24 இலட்சம். இதில் 18 இலட்சம் தனிநபர் நிவாரணம். எஞ்சும் 6 இலட்சத்துக்கு 6 வீதம் என்றால் வரி 36,000 ரூபா, மாதத்துக்கு 3,000. நிவாரணத்துக்கு மேலான முதல் 10 இலட்சத்தைத் தாண்டிய பிறகுதான் 15 வீதம் வருகிறது. ஆக அரசாங்கத்துக்கு 3,000, தளத்துக்கு 50,000. இவர் நன்றாக உழைக்கும் ஒருவர். இப்போதுதான் தொடங்கியவருக்கு வரியே இல்லை. ஆனால் அவருடைய முதல் ஐந்து டொலரிலேயே தளம் ஒரு டொலரை எடுத்துவிடும்.

வரியை நியாயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வரி கேட்கும் அரசு இந்தத் தொழிலுக்கு என்ன செய்து கொடுத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. இலங்கையிலுள்ள பேபால் கணக்கினால் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலை பல ஆண்டுகளாக நீடித்து வந்திருக்கிறது. ஆட்சிகள் மாறினாலும் 'விரைவில் வரும்' என்ற பேச்சு மாறவில்லை. பயோனியர் போன்ற வழிகள் உண்டு. அவற்றுக்கும் கட்டணம், வங்கியின் நாணயமாற்று வீதத்தில் இன்னொரு வெட்டு. வாடிக்கையாளர் பேபாலில் மட்டுமே தருவேன் என்றால், கட்டாரிலோ லண்டனிலோ இருக்கும் மாமாவின் கணக்குக்குப் போட்டு, அவர் அனுப்பும்போது வாங்க வேண்டியதுதான். அப்படி வரும் பணம் யாருடைய உழைப்பு என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இராது. வங்கியில் கடன் கேட்கும்போதும், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் அவர் 'தொழிலற்றவர்'. அந்த வகையில் வரிக் கோப்பு ஒன்றைத் திறந்து, ஆண்டுதோறும் நவம்பர் 30 க்குள் விபரத்திரட்டை ஒப்படைப்பது அவருக்கே உதவும். வருமானத்துக்குச் சான்று கிடைக்கிறதே.

ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. தொழில்தருநர் செலுத்தும் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் எல்லாம் மாதச் சம்பளக்காரருக்கு. மின்வெட்டில் வேலை தாமதித்தால் நட்டமும் இவருடையதே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் அயலவர்களும் இருட்டில்தான் இருந்தார்கள்.

இருந்தும் இந்தத் தொழிலுக்கு இங்கே ஓர் ஈர்ப்பு இருக்கிறது. கொழும்புக்குத் தினமும் போய்வர முடியாத தூரம். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்கள் பலர்.

அவர்களுக்கு வரியைவிடப் பெரிய அடி வேறு திசையிலிருந்து வந்தது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியானது. அப்வேர்க் தளத்தின் தரவுகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், அடுத்த சில மாதங்களில் எழுத்து சார்ந்த வேலை செய்வோருக்குக் கிடைத்த வேலைகள் சுமார் 2 வீதமும் மாத வருமானம் சுமார் 5 வீதமும் குறைந்ததைக் கண்டார்கள். நல்ல பெயர் எடுத்தவர்களும் தப்பவில்லை என்பது அதில் கவனிக்க வேண்டியது. அந்த வீழ்ச்சி தொடக்கம்தான் என்பது என் கணிப்பு. 'காலையில் வெந்நீர் குடிப்பதன் பத்து நன்மைகள்' வகைக் கட்டுரையை எழுதித்தான் பலர் கைபழகினார்கள். அந்த முதல் படிக்கட்டு இப்போது இல்லை. 'மாதம் இலட்சம் உழைக்கலாம்' என்று பணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்துவோர் இதைச் சொல்வதில்லை.

எஞ்சியிருப்பது, எழுதுபவர் நேரில் அறிந்த விடயம். கைட் சர்ஃபிங்குக்கு வரும் வெளிநாட்டவருக்குக் கற்பிட்டிக் களப்பில் எந்த மாதம் காற்று நிற்கும், டொல்பின் பார்க்கக் கடல் எப்போது அமைதியாகும் என்பது இங்குள்ள படகோட்டி வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். மழை உப்பளங்களைக் கெடுத்து 2025 இல் நாடு உப்பை இறக்குமதி செய்தபோது, பாலாவிப் பக்கம் அதன் காரணம் தெரியாத வீடு இருந்திராது. தமிழும் சிங்களமும் வீதியிலேயே கற்றவர்கள் இவர்கள். குறைவது பெரும்பாலும் ஆங்கிலம். மாவட்டத்தின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்புவது எழுத்துத் தொழிலுக்கான முதலீடு என்று இதுவரை எந்த வரவுசெலவுத் திட்டமும் பார்த்ததாகத் தெரியவில்லை.