சைக்கிள் கொடுத்தாயிற்று; பாதை எங்கே?

பிரான்ஸின் நாட்டுப்புறத்தில் மோட்டார் வாகனம் எதுவும் நுழையாத சைக்கிள் பாதைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கின்றன. வாரக்கணக்கில் சைக்கிளிலேயே ஊர் சுற்றுவோர் இவற்றை நம்பித்தான் கிளம்புகிறார்கள். இவற்றில் பல புதிதாக நிலம் எடுத்துப் போட்டவை அல்ல. முன்பே பொதுச் சொத்தாக இருந்து, பழைய பயன் தீர்ந்துபோன நிலத்தின் மேல் அமைந்தவை. ஒரு வகை, கால்வாய்க் கரை. சரக்குப் படகுகளைக் குதிரைகள் கயிற்றால் இழுத்துச் சென்ற காலத்தில், அவை நடப்பதற்காகவே நீரை ஒட்டித் தடம் போடப்பட்டது. 1666 முதல் 1681 வரை வெட்டப்பட்ட 240 கி.மீ. நீள மிதி கால்வாயிலும், ஏறத்தாழ 360 கி.மீ. ஓடும் நாந்த்–பிரெஸ்ட் கால்வாயிலும் அந்தக் குதிரைத் தடத்தில் இன்று சைக்கிள்கள் போகின்றன. இன்னொரு வகை, கைவிடப்பட்ட கிளை ரயில் பாதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிற்றூர்களை இணைக்கப் போடப்பட்ட பல பாதைகள், லாரியும் காரும் பெருகியபின் நட்டத்தில் மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்த மேட்டின் மேல் தார் போட்டுச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். பர்கண்டிப் பகுதியில் ஷிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே 1997இல் திறந்த பாதை இவற்றுக்கு முன்னோடி. 2004இல் ‘பசுமைப் பாதை’ என்ற பெயரில் இவை பிரெஞ்சுச் சாலை விதிகளிலேயே தனி வகையாக இடம்பெற்றன. நடப்பவர், சைக்கிள், குதிரை ஆகியவற்றுக்கு மட்டுமே அங்கு அனுமதி.

இரு வகைக்கும் பொதுவான குணம், சமதளம். தண்ணீர் மேடேறாது, பாரம் இழுக்கும் ரயில் எஞ்சினுக்கும் செங்குத்து ஆகாது. ஆகவே கால்வாய் வெட்டியவரும் ரயில் பாதை போட்டவரும் மேடு பள்ளத்தைத் தவிர்த்தே வழி கண்டார்கள். அவர்கள் பட்ட பாட்டின் பலனைப் பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயது முதியவரும் மூச்சு வாங்காமல் அனுபவிக்கிறார்கள். லுவார் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கி.மீ. செல்லும் புகழ்பெற்ற வழி, பல இடங்களில் வெள்ளத் தடுப்புக் கரையின் மேலேயே போகிறது. அதன் சில பகுதிகளில் வாகனங்கள் குறைவாக ஓடும் சிறு சாலைகளும் கலந்துள்ளன. முழு வழியும் வாகனமற்றதாகட்டும் என்று காத்திராமல், கிடைத்த கரையில் தொடங்கி, விட்ட இடத்தைப் பிறகு இணைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கைவிட்ட ரயில் பாதை இல்லை. படகுக் கால்வாயும் இல்லை. ஏரிக்கரை இருக்கிறது. ஏரிகளின் மாவட்டம் என்றே பெயரெடுத்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நடுப்பகுதி இது. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, வாலாஜாபாத் போகும் திசையில் தென்னேரி, கிழக்கே மணிமங்கலம், செம்பரம்பாக்கம் எனப் பெரியவை சில. ஊருக்கொன்றாகச் சிறியவை பல. மேல் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்தால் கீழ் ஏரிக்கு நீர் போகும் சங்கிலித் தொடர் இது. ஏரிக்கரையின் தலைப்பு ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். ஓரிடம் தாழ்ந்தால் வெள்ளத்தில் அங்கேதான் உடையும். சங்கிலியில் அடுத்தடுத்த ஏரிகளுக்கு இடையேயும் சரிவு மிக மெல்லியது. பிரெஞ்சுப் பொறியாளர்கள் கால்வாய்க் கரையில் பெற்ற சமதளத்தை இங்கே ஊரார் பல நூற்றாண்டுகளாக மண்வெட்டியால் பராமரித்து வந்திருக்கிறார்கள். பாலாற்றிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு, வழியில் உள்ள ஏரிகளை நிரப்பியபடி வரும் கம்பன் கால்வாய், இன்று பல இடங்களில் தூர்ந்தும் குறுகியும் கிடந்தாலும், வழித்தடமாகப் பார்த்தால் அருமையான கோடு.

இந்தக் கரைகளை மோட்டார் வாகனம் நுழையாத சைக்கிள், நடைப் பாதைகளாக அரசு அறிவிக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்காக அல்ல, முதலில் இந்த ஊர்க்காரர்களுக்காக.

இன்று அவர்களுக்கு இருக்கும் வழிகள் மூன்று: சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை, வண்டலூர்–வாலாஜாபாத் சாலை, ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோயில் சாலை. மூன்றிலும் கன்டெய்னர் லாரிகள், புதுக் கார்களை அடுக்கிச் செல்லும் நீள டிரெய்லர்கள், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள், ஷிப்ட் மாறும் வேளையில் வரிசையாக வரும் கம்பெனிப் பேருந்துகள். சுங்குவார்சத்திரம் சந்திப்பில் சாலையைக் கடப்பதே பெரும்பாடு. 2022இல் நாட்டிலேயே அதிகமாக 64,105 சாலை விபத்துகள் தமிழ்நாட்டில் பதிவாயின. 17,884 பேர் உயிரிழந்தனர். இப்படிப்பட்ட சாலையின் ஓரத்தில்தான் அரசுப் பள்ளி மாணவி, அரசே விலையில்லாமல் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள். 2001இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிப் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த அத்திட்டத்தை எந்த ஆட்சியும் கைவிடவில்லை. பாராட்டத்தக்கதுதான். ஆனால் அந்த சைக்கிள் எந்தப் பாதையில் ஓடும் என்பதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் கேட்கவில்லை.

சைக்கிள் யாருக்கு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்ணால் கண்டிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கத்தின்போது கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். தண்ணீர் எடுக்க, விளைபொருள் விற்க, பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றானது. இன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த விடுதி வளாகத்தில் 18,720 பேர் தங்கலாம். மின்னணு ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்காகக் கட்டியது. சுற்றிலும் ஊர்களும் ஏரிகளும் கோயில்களும் இருக்கின்றன. விடுமுறை நாளில் அவர்கள் பயமில்லாமல் சைக்கிள் மிதித்துப் போகக்கூடிய தடம் ஒன்றுகூட இல்லை.

இந்த யோசனைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் சில வலுவானவை. ‘இப்போது எல்லோரிடமும் பைக் இருக்கிறது’ என்பது அவற்றில் சேராது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் வேளாண்மை சாராத தொழிலாளர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் சைக்கிளிலும், அதைவிட அதிகமானோர் நடந்தும் வேலைக்குப் போனார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அறைக்கு ஆறு பேராகத் தங்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தவணை பைக் எளிதல்ல. வெயில் என்ற வாதமும் பாதிதான் சரி. பள்ளியும் முதல் ஷிப்டும் வெயிலுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. கரையின் வெளிச்சரிவு அடியில் புங்கனும் நாவலும் வைத்தால் மீதிக்கும் வழி பிறக்கும்.

பெண்களின் பாதுகாப்பு என்ற கேள்வி அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. ஆளில்லாத ஏரிக்கரையில் இரவுப் பயணத்தை யாரும் பரிந்துரைக்க முடியாது. எனவே தொடக்கத்தில் இது பகல் பாதையாக இருப்பதே சரி. இரவு ஷிப்டுக்குக் கம்பெனிப் பேருந்து தொடர வேண்டும். பள்ளி நேரத்திலும் மாலையிலும் ஆள் நடமாட்டம் கூடக் கூடத்தான் கரைக்குப் பாதுகாப்பு வரும். விளக்கும் ரோந்தும் அதற்குத் துணை. அதேபோல, சைக்கிள் நுழையும் இடைவெளியில் பைக்கும் நுழையும். கம்பி நட்டுத் தடுக்க முடியாத இதைச் சட்டத்தால்தான் தடுக்க வேண்டும். அந்தச் சட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, குறிப்பிட்ட பாதையில் மோட்டார் வாகனங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 138(1ஏ) பிரிவு, நடப்போருக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் தனி விதிகள் வகுக்க இடமளிக்கிறது. அந்த விதிகளை வகுக்குமாறு உச்ச நீதிமன்றமும் 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உழவர்களின் டிராக்டருக்கும் நீர்வளத் துறையின் ஜீப்புக்கும் அதே விதியில் விலக்கு வைக்கலாம்.

ஏரிக்கே கேடு வரலாம் என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம். ‘ஏரி அழகுபடுத்துதல்’ என்ற பெயரில் தமிழ்நாட்டில் நடந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் நியாயமாகவே படும். உட்புறம் மண் கொட்டிக் கரையை அகலப்படுத்தி, பேவர் பிளாக் பதித்து, செயற்கை நீரூற்றும் செல்பி மேடையும் வைத்துவிட்டுத் திறப்பு விழா நடத்துவார்கள். நீர்ப்பரப்பு அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கும். சைக்கிளுக்கு இது எதுவும் வேண்டாம். பிரெஞ்சுக் கால்வாய்க் கரைகளில் நெடுந்தூரம் இருப்பது இறுக்கிய சரளைமண் தளம்தான். இங்கே கிராவல் கொட்டி ரோலர் ஓட்டினால் போதும். மழைக்குப் பிறகு அரிப்பு கண்ட இடத்தில் மறுபடி நிரப்பினால் போதும். உட்புறம் ஒரு கூடை மண்கூட விழக்கூடாது என்பது முதல் நிபந்தனையாக அரசாணையில் இருக்க வேண்டும். கலங்கல் உள்ள இடத்தில் கரை அறுபடும்; அங்கு நீரோட்டத்தை மறிக்காத சிறு நடைப்பாலம் தேவை. வெள்ளக் காலத்தில் பாதையை மூட நீர்வளத் துறைக்கு முழு அதிகாரமும் வேண்டும்.

உடைமைப் பிரச்சினை சிக்கலானதுதான், தீர்க்க முடியாததல்ல. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வருவாய்த் துறையின் புறம்போக்கும் சிப்காட்டின் மனைகளும். மூன்று ஏரியைத் தாண்டும் பாதைக்கு நான்கு அலுவலகம் ஏற வேண்டும் என்றால் எதுவும் நடக்காது. மாவட்ட ஆட்சியரின் கீழ் ஒரே பொறுப்பு அமைப்பு தேவை. கம்பன் கால்வாயின் ஒரு பகுதி பரந்தூர் விமான நிலையத் திட்டப் பரப்புக்குள் வருவதால், அந்தத் தடத்தை இப்போதே முடிவுசெய்ய முடியாது. கிழக்கே உள்ள ஏரிகளுக்கு அந்தத் தடை இல்லை.

பணம் பற்றிய புலம்பலுக்கு இந்த வட்டாரத்தில் இடமே இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஒரகடத்தில் டெய்ம்லரும் ராயல் என்ஃபீல்டும் என வரிசையாக ஆலைகள். பிரான்ஸிலிருந்தே செயின்ட் கோபெய்னின் கண்ணாடியும் ரெனோவின் காரும் வந்துவிட்டன. 2013 கம்பெனிச் சட்டம் விதிக்கும் சமூகப் பொறுப்புச் செலவில் சிறு பங்கு போதும். பராமரிப்புக்குத்தான் உண்மையில் நிதி ஒதுக்கித் தர வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் எட்டாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கி.மீ. சைக்கிள் நெடும்பாதை 2016இல் ஆரவாரமாகத் திறக்கப்பட்டது. ஆட்சி மாறியபின் கவனிப்பாரின்றிப் பல இடங்களில் சிதைந்ததாகச் செய்திகள் வந்தன. கட்டியவர் பெயர் மட்டும் நிற்கும் திட்டங்களுக்கு அதுவே கதி. ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் 2023இல் திறந்த, சூரியத் தகடு வேய்ந்த 23 கி.மீ. பாதை உடற்பயிற்சிக்கு உதவலாம். ஒரு கிராமத்தை இன்னொரு கிராமத்தோடு இணைக்கும் வேலை அதற்கு இல்லை.

சுற்றுலா இதன் பின்னால் தானாக வரட்டும். பிரான்ஸில் சைக்கிள் வழியிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும் விடுதிகளுக்குத் தரச்சான்று வழங்கி, பயணியின் சைக்கிளைப் பூட்டி வைக்கவும் பழுது பார்க்கவும் வசதி கேட்கிறார்கள். இங்கே ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரும் வல்லக்கோட்டை முருகனும் கோவிந்தவாடி தட்சிணாமூர்த்தியும் சைக்கிள் தூரத்தில்தான் இருக்கின்றன. பஞ்சர் ஒட்டும் கடையும் இளநீர்க் கடையும் முதலில் வந்தால் தங்கும் அறை பிறகு வரும்.

தொடங்குவதற்கு இரண்டு தடங்களை அளந்து பார்க்கலாம். ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் ஏரியிலிருந்து பிள்ளைப்பாக்கம் வழியாக வல்லம் வடகால் விடுதி வளாகம் தொட்டு ஒரகடம் வரை. மற்றொன்று, சுங்குவார்சத்திரத்திலிருந்து தென்னேரிக் கரை வழியாக வாலாஜாபாத் ரயில் நிலையம் வரை. 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டம் இதே வட்டாரத்தின் மணிமங்கலம் ஏரியில்தான் தொடங்கப்பட்டது. கரை வேலைக்கு ஆளும் அனுபவமும் இங்கு புதிதல்ல. ஏரியில் நீர் வற்றிக் கரையில் ரோலர் ஏறக்கூடிய காலம் சித்திரை முதல் ஆவணி வரைதான். அளவீட்டையும் ஆயக்கட்டு உழவர்களுடனான பேச்சையும் மாவட்ட நிர்வாகம் தை மாதத்துக்குள் முடித்து, 115ஆவது பிரிவின் கீழான அறிவிக்கையைப் பங்குனியில் வெளியிட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் முதல் தடம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும்.