நெஞ்சைச் சோதிப்பது யாருக்காக?

காவலர் வேலைக்குப் போகிற வாலிபன் ஏழு நிமிஷத்துக்குள் 1,500 மீட்டர் ஓடி முடிக்க வேண்டும். முடித்தால் அடுத்த கட்டம். முடிக்காவிட்டால் வீட்டுக்கு வழி. கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டுகிறவர் மகனுக்கும், வெள்ளிமலையில் மரவள்ளி பிடுங்குகிறவர் மகனுக்கும் சர்க்கார் வைக்கிற நெஞ்சுப் பரீட்சை பெரும்பாலும் இது ஒன்றுதான். அந்த ஏழு நிமிஷத்தைத் தாங்கக்கூடிய இருதயமா அவனுடையது என்று ஓட விடுவதற்கு முன்னால் கேட்கிறவர் யார்? டாக்டர் அவனைப் பார்ப்பது ஓட்டத்தில் தேறிய பிறகு. முதலில் ஓடு, உயிரோடு வந்தால் நாடி பார்க்கிறோம் என்பது போலல்லவா இருக்கிறது இந்த முறை!

இது வீண் பயமல்ல. 2024 ஆகஸ்ட் கடைசியில் ஜார்க்கண்டில் கலால் காவலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இடங்கள் 583, வந்தவர்களோ லட்சத்துக்கு மேல். ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது ஆண்களுக்கு நிபந்தனை. சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட வாலிபர்கள் மடிந்தார்கள். வெயில் என்றார்கள், ஊக்க மருந்து தின்றார்கள் என்றார்கள், ஆளுக்கொரு விளக்கம் வந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் அவர்களை அந்த மைதானத்துக்கு விரட்டியது என்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே, 2022 ஜூலையில் பண்ருட்டி வட்டாரத்தில், கபடி ஆட்டத்தில் எதிர்க்கட்டத்துக்குப் பாடிப் போன ஒரு கல்லூரி மாணவர் மைதானத்திலேயே விழுந்து இறந்தார். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் நம் கிராமங்களில் நடக்கிற கபடிக்குக் கணக்கேது? கோப்பை இருக்கிறது, பந்தல் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. டாக்டர்?

வசதியுள்ள விளையாட்டில் கதை வேறு. கிரிக்கெட்காரர்களுக்கு யோ-யோ என்று ஒரு பரீட்சை உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் பாங்ஸ்போ வகுத்தது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். மணியோசைக்கு ஏற்ப ஓடித் திரும்ப வேண்டும். போகப்போக மணி விரைவாக அடிக்கும். 2018 ஜூனில் அம்பத்தி ராயுடு, இங்கிலாந்துப் பயணத்துக்குத் தேர்வான பிறகும், இதில் தேறாததால் அணியிலிருந்து நீக்கப்பட்டார். முகம்மது ஷமியும் அதே மாதம் ஒரு டெஸ்ட் ஆட்டத்தை இழந்தார். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ஆனால் அவர்களுக்குப் பின்னால் டாக்டரும் பயிற்சியாளரும் யந்திரங்களும் இருந்தன. தேறாதவர் பயிற்சி செய்து திரும்பி வரலாம். நம் பையனுக்கு இந்த வருஷம் போனால் வயது வரம்பும் போய்விடும்.

இந்தச் சோதனைகள் எதை அளக்கின்றன என்று உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1920-களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் (ஆம், நம் பஞ்சை வாங்கித் துணியாக்கி நமக்கே விற்ற அதே மான்செஸ்டர்தான்) ஏ. வி. ஹில் என்ற விஞ்ஞானி முதுகில் ஒரு பெரிய பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் ஓடினார். மூச்சாக விட்ட காற்றெல்லாம் அந்தப் பைக்குள் போயிற்று. அதைப் பரிசோதித்தால் உடம்பு எவ்வளவு பிராணவாயுவை எடுத்துக்கொண்டது என்று தெரியும். வேகம் கூடக்கூட அந்த அளவும் கூடும். ஓர் எல்லைக்குப் பிறகு எவ்வளவு முயன்றாலும் கூடாது. அந்த எல்லைதான் இருதயமும் நுரையீரலும் ரத்தமும் தசையும் சேர்ந்து செய்யக்கூடிய வேலையின் உச்சம். பயிற்சியில்லாத வாலிபனுக்கு, உடம்பின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் நிமிஷத்துக்கு 40 மில்லிலிட்டர் அளவில் இருக்கும். உலகத் தரமான நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 70, 80 என்று போகும்.

இதற்குப் பெரிய யந்திரம்தான் வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு களைப்பு ஆராய்ச்சிக்கூடம் என்று 1927 முதல் 1947 வரை ஒன்று இருந்தது. இருந்த இடம் வியாபாரக் கல்லூரி! தொழிலாளியின் களைப்பை வியாபாரக் கல்லூரி ஏன் ஆராய வேண்டும் என்று கேட்காதீர்கள், விடை உங்களுக்கே தெரியும். எஃகு ஆலைத் தொழிலாளிகளையும் மிசிசிப்பியின் வாரக்குடிகளையும் அவர்கள் அளந்தார்கள். அங்கே 1943-ல் பிறந்த ஒரு சோதனைக்கு 20 அங்குல உயரத்தில் ஒரு பலகையும் ஒரு கடிகாரமும் போதும். நிமிஷத்துக்கு 30 தடவை வீதம் ஐந்து நிமிஷம் ஏறி இறங்கி, பிறகு நாடியை எண்ண வேண்டும். நாடி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறதோ அவ்வளவு நல்ல நெஞ்சு. எந்தப் பள்ளிக்கூடத் திண்ணையிலும் செய்யலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் ஆற்றலை அளக்கிற சோதனைகள். ஆபத்தைக் கண்டுபிடிக்கிற சோதனை வேறு. இருதயத் தசை பிறவியிலேயே தடித்துப் போனவன் கூட நன்றாக ஓடுவான், கோப்பையும் வாங்குவான், ஒருநாள் சாய்ந்து விழுவான். இத்தாலி சர்க்கார் 1982-ல் சட்டத்தின் மூலம், போட்டி விளையாட்டில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் இ.சி.ஜி. எடுப்பதைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில், விளையாட்டு வீரர்களின் திடீர் மரணம் வருஷத்துக்கு லட்சத்தில் 3.6 ஆக இருந்தது, 2004-க்குள் 0.4 ஆகக் குறைந்தது. இ.சி.ஜி. சில சமயம் நல்ல இருதயத்தையும் சந்தேகிக்கும், வீணாக ஆளை நிறுத்திவிடும் என்று ஆட்சேபம் சொல்கிற டாக்டர்கள் உண்டு. உண்மைதான். சந்தேகம் வந்தால் அடுத்த பரிசோதனை செய்து தெளிவதுதான் வழி. சந்தேகமே வராதபடி கண்ணை மூடிக்கொள்வது வழியல்ல.

இதிலும் ஏழைக்கென்று தனி வியாதி ஒன்று இருக்கிறது. சிறு வயதில் தொண்டைப் புண்ணாகத் தொடங்கி, மூட்டு வீக்கமாகி, கடைசியில் இருதய வால்வைக் கெடுக்கிற வாதக் காய்ச்சல். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிற வீடு அதன் விளைநிலம். மூன்று நான்கு வாரத்துக்கொரு பென்சிலின் ஊசியால் அது மேலும் முற்றாமல் தடுக்கலாம். ஆனால் இருப்பது தெரிந்தால்தானே ஊசி!

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு மலைக்காற்றே பயிற்சி, அவர்கள் நெஞ்சு இரும்பு என்று மேடையில் புகழ்வது சிலருக்கு வழக்கம். பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. ஓட்டக்காரர்களுக்குப் பேர்போன கென்யாவின் இட்டன் ஊர் சுமார் 8,000 அடி. காற்று மெலிந்து அதனால் ரத்தம் வலுப்பெறுகிற உயரம் நம் மலைக்குக் கிடையாது. மலைப் பிள்ளையின் காலில் பலம் இருந்தால் அது நடந்து நடந்து வந்தது, பஸ் இல்லாததால் வந்தது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. இந்தப் பலத்தை இதுவரை சரியாக எடை போட்டவன் செம்மரக் கடத்தல் தரகன் ஒருவன்தான். பாரம் சுமந்து மலையேறக் கூடியவர்கள் யார் என்று அவனுக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸார் சுட்டுக் கொன்ற 20 தமிழகத் தொழிலாளிகளில் மலைக் கிராமத்தார் பலர் இருந்தார்கள்.

ரத்தத்தைப் பற்றிப் பேசாமல் நெஞ்சைப் பற்றிப் பேச முடியாது. பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஒரு கிராம் சுமார் 1.34 மில்லிலிட்டர் சுமக்கும். 13 கிராம் இருக்க வேண்டிய பெண்ணுக்கு 9 கிராம்தான் என்றால் அவளுடைய ரத்தம் சுமக்கிற பிராணவாயுவில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நாற்று நடுகிற பெண்ணும் உண்டு இதில், ஓட்டப்பந்தயத்தில் நான்காவதாக வருகிற அவள் மகளும் உண்டு. "பயிற்சி போதாது" என்று வாத்தியார் மகளைத் திட்டுகிறார். போதாதது பயிற்சியா, சோறா?

மில் தொழிலாளிகளே, இது விளையாட்டுக்காரர் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஓட்டக்காரனின் மூச்சை அளக்கிற ஊதுகருவியேதான் பஞ்சுத் தூசியும் கரும்புச் சக்கைத் தூசியும் உங்கள் நுரையீரலில் எவ்வளவு தின்றிருக்கிறது என்பதையும் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திங்களன்று மில்லுக்குள் போனதும் நெஞ்சு இறுகுகிறதா? பஞ்சாலை வியாதியின் முதல் அடையாளம் அது. கருவி ஒன்றே, அது யார் வாயில் வைக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேட்க வேண்டியது அதிகமில்லை. காவலர், ராணுவத் தேர்வுக்குப் பழகுகிறவர்களுக்கும், மலைப் பள்ளிகளின் விளையாட்டுப் பிள்ளைகளுக்கும் வருஷம் ஒருமுறை இலவசமாக இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை. மலைக்கு டாக்டர்கள் ஏறி வர வேண்டும், பிள்ளைகள் இறங்கி வரக் கூடாது. எடுத்த சோதனை ஓட்டத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். குறை கண்டால் பெயரை அடித்துவிட்டுப் போகாமல் வைத்தியம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பயந்துகொண்டு யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். கபடி நடக்கிற இடத்தில் ஆம்புலன்ஸும், நின்ற இருதயத்தை நெஞ்சில் அழுத்தி ஓட்டத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். 2021 ஜூன் 12-ல் மைதானத்தில் விழுந்த டென்மார்க் கால்பந்துக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் பிழைத்தது அப்படித்தான்.

சர்க்கார் வரும்வரை பயிற்சியாளர்களும் பெற்றோரும் மூன்று கேள்வி கேட்கலாம், காசு செலவில்லை. ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்தாயா? ஓடும்போது நெஞ்சு வலித்ததா? உன் குடும்பத்தில் ஐம்பது வயதுக்கு முன்னால் யாராவது திடீரென்று இறந்தார்களா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும், அந்தப் பிள்ளையை நாளைக் காலை ஓடவிடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.