கலையும் களையும் ஒன்றல்ல

நம் நூலகங்கள் நவீனமாகிவிட்டன என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: தேடுபெட்டியில் தமிழில் தட்டினால் தமிழ்ப் புத்தகம் வருமா?

புத்தகத்தைக் காட்டினாலே இரவல் பதிவாகும் இயந்திரம், மின்னூல் செயலி, முப்பரிமாண அச்சு இயந்திரம் எல்லாம் வரட்டும். வேண்டாம் என்று சொல்ல நான் பொறியியல் படிக்கவில்லை. ஆனால், யோங் பெங் மாதிரி சிற்றூரில், சுற்றிலும் தோட்டங்கள் உள்ள இடத்தில், தமிழ் வாசகனுக்கு முதலில் வேண்டியது இதெல்லாம் இல்லை.

எங்கள் வட்டாரத்து நூலகம் ஒன்றில் ‘பால்மரக் காட்டினிலே’ என்று தமிழில் தேடினேன். ஒன்றும் வரவில்லை. அகிலன் மலேசியத் தோட்ட வாழ்க்கையை எழுதிய நாவல் அது. புத்தகம் அலமாரியில்தான் இருந்தது. கணினிப் பட்டியலில் அதன் பெயர் ரோமன் எழுத்தில் இருந்தது.

இதில் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நூலகங்களின் ரோமன் எழுத்துமுறையில் நெடிலுக்கு மேலே கோடு, ளகரத்துக்குக் கீழே புள்ளி, ழகரத்துக்குக் கீழே கோடு. யாரும் அப்படித் தட்டுவதில்லை. கோட்டையும் புள்ளியையும் எடுத்துவிட்டால் கலை, களை, கழை, காலை, காளை ஐந்தும் ஒரே சொல்லாகிவிடும். ஐந்து சொல்லை ஒன்றாக்கும் தொழில்நுட்பத்துக்கு முன்னேற்றம் என்று பெயரா?

கருவி இல்லை என்று சொல்ல முடியாது. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. உலகெங்கும் நூலகங்கள் பயன்படுத்தும் ‘மார்க் 21’ பதிவுமுறையில், மூல எழுத்தில் தலைப்பை எழுதுவதற்கென்றே 880 என்ற புலம் இருக்கிறது. அதை நிரப்ப வேண்டும். அவ்வளவுதான்.

“தமிழ்ப் புத்தகத்தை யாரு எடுக்கிறா?” என்பார்கள். கண்ணில் படாத புத்தகத்தை எவன் எடுப்பான்? எடுக்கவில்லை என்ற கணக்கைக் காட்டியே அடுத்த ஆண்டு வாங்குவதையும் குறைக்கலாம். அப்புறம் அலமாரியே காலி.

பழியை அரசாங்கத்தின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், 2015இல், சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகத்தின் தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கியத்தை மின்னாக்கம் செய்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததைக் கண்ட ஈழத்தமிழர்களிடமிருந்து, 2005இல் ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் பிறந்தது. அதுவும் தன்னார்வலர்கள் வளர்த்ததுதான். இங்கே 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றது. நாம் முகநூலில் இரங்கல் எழுதினோம். அதையும் பாதிப்பேர் ரோமன் எழுத்தில்!

பட்டியலிடும் ஊழியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது அவர் குற்றமில்லை. தமிழ் தெரிந்த நாம் எத்தனை பேர் அவர் மேசைக்குப் போய் நின்றிருக்கிறோம்? ஒரு சிற்றூர் நூலகத்தின் தமிழ் அலமாரியை, அட்டையைப் படமெடுத்து, தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழில் தட்டித் தர நாலு பேருக்குச் சில சனிக்கிழமைகள் போதும். எழுத்து மூலமாக அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். அடுத்த முறை நூலகம் புதிய இயந்திரத்துக்குத் திறப்பு விழா நடத்தும்போது, முன்வரிசையில் உட்கார்ந்து தேடுபெட்டியில் ‘கலை’ என்று தமிழில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.