படிக்கட்டின் நடுவே ஒரு பெட்டி

கண்டியிலே ஹந்தானைச் சரிவில் குடியிருப்போர் அறிவர்: தெருமட்டத்தில் முன்மண்டபம், படியிறங்கினால் படுக்கையறைகள். எங்கள் மோடம் மேலே. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளோ கீழே. அவளுடைய இணையவழிப் பாடம் அடிக்கடி பாதியில் அறுந்துபோகும். கொங்கிறீட்டுத் தளம் வைஃபை அலைகளை, விசேடமாக 5 கிகாஹேர்ட்ஸ் அலைகளை, பெரிதும் விழுங்கிவிடுகின்றது.

ஆகவே மெஷ் எனப்படும் வலைப்பின்னற் பெட்டிகள் இரண்டு வாங்கினேன். மோடத்தை அகற்ற வேண்டியதில்லை. முதற்பெட்டியைக் கம்பியால் அதனுடன் இணைத்தாற் போதும். ஆயினும் மோடமே ரவுட்டராகவும் தொழிற்படுமாயின், மெஷ்ஷை 'அக்சஸ் பொயின்ட்' முறைக்கு மாற்றுதல் நன்று. இன்றேல், கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையை இரண்டுமே செய்ய முற்படும். ஒரு வீட்டுக்கு இரு தலைவர்! (இது நம் வீடுகளுக்குப் புதிதன்று என்பீர்கள்.) மோடத்தின் பழைய வைஃபையையும் அணைத்துவிட்டேன்.

நான் செய்த பிழை வேறு. இரண்டாவது பெட்டியை, அலையே எட்டாத மகளின் அறையில் வைத்தேன். தனக்குக் கிட்டாததை அது பிறர்க்கு எங்ஙனம் வழங்கும்? என் மனைவிதான் அதை எடுத்துச்சென்று, படிக்கட்டின் நடுவிலுள்ள சுவர்மாடத்தில் வைத்தாள். அன்று மாலை இரசாயன வகுப்பு முடியும்வரை மகள் மேலே வரவேயில்லை.