கழுவக் கழுவச் சுத்தமா?

"தினமும் சோப்புப் போட்டு உள்ளே வரைக்கும் கழுவுறேன், அப்படியும் வெள்ளைப்படுறது நிக்கலையே!" வைத்தியரிடம் இப்படிக் குறைப்படும் பெண்கள் ஏராளம். சிலர் கிருமிநாசினியைக்கூட விட்டுவைப்பதில்லை. சகோதரிகளே, முதலில் அந்தக் கழுவலை நிறுத்துங்கள்!

பெண் உறுப்புக்கு இயற்கையே காவல் போட்டிருக்கிறது. 1892-ல் ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் அங்கே வாழும் ஒரு பாக்டீரியாவைப் பற்றி எழுதினார். தயிரைப் புளிக்க வைக்கிறதே, அந்த 'லாக்டோபேசில்லஸ்' இனம்தான் இதுவும். யோனிச் சுவரிலுள்ள சர்க்கரைச் சத்தை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. இதனால் பருவமடைந்த பெண்ணுக்கு அங்கே பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை இருக்கும். அந்தப் புளிப்பில் பல கிருமிகள் பிழைக்காது. குளியல் சோப்போ காரத்தன்மை உள்ளது. உள்ளே கழுவினால் புளிப்பும் போச்சு, காவலும் போச்சு!

இரண்டாவது காவல், கருப்பை வாயில் சுரக்கும் கோழை. நோய் எதிர்ப்புப் புரதங்களோடு வாசலை அடைத்து நிற்கிறது. முட்டை வெளிவரும் நாட்களில் இது நீர்த்து, சற்று அதிகமாகப் படும். துர்வாடை, அரிப்பு இல்லாத வெள்ளை பெரும்பாலும் நோய் அல்ல.

"கிருமியைக் கொல்ற மருந்து நல்லதுதானே?" என்பீர்கள். 'நோனாக்ஸினால்-9' என்ற விந்தணுக்கொல்லி, சோதனைக் குழாயில் எச்.ஐ.வி.யைக் கொன்றது. ஆனால் அடிக்கடி அதை உபயோகித்த பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்று குறையவில்லை, கூடியது! 2000-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் இது வெளியானது. உள்சுவரை அந்த மருந்து புண்ணாக்கிவிடுகிறது.

சித்த மருத்துவத்திலும் திரிபலா கஷாயம், படிகார நீரால் கழுவுவது உண்டே? உண்டு. நோய் கண்டபோது, வைத்தியர் சொன்ன நாட்களுக்கு மட்டும். அன்றாடம் வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

அதற்காக இயற்கைக் காவலை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது. கொனோரியாவும் கிளமிடியாவும் அதைத் தாண்டி வரும். கிளமிடியா பல பெண்களுக்கு அறிகுறியே காட்டாமல் இருந்து, கருக்குழாயை அடைத்துவிடும். பிறகு குழந்தை இல்லையே என்று கோயில் கோயிலாக அலைய வேண்டியதுதான். எந்த லேகியமும் ஆணுறைக்கு ஈடாகாது.

மஞ்சள், பச்சை நிறம், மீன் வாடை, அரிப்பு, அடிவயிற்று வலி இருந்தால் கூச்சப்படாமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. கொனோரியா, கிளமிடியா என்று உறுதியானால் ஆன்டிபயாட்டிக்தான் மருந்து. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பேப்பர் படிக்கும் கணவன்மார்களே, பால்வினை நோய் என்றால் உங்களுக்கும் சேர்த்துத்தான் சீட்டு எழுதணும். அவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால், போன நோய் உங்களிடமிருந்தே திரும்பி வரும்.