ஓடுபாதைக்கு வெளியே விழும் விமானங்கள்

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்து 260 பேர் இறந்தனர். அவர்களில் 19 பேர் அந்த விமானத்தில் ஏறாதவர்கள். விமானம் விழுந்த மருத்துவக் கல்லூரி விடுதியில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். மேலெழும்பிய சில விநாடிகளில் இரு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் அடுத்தடுத்து ‘கட் ஆஃப்’ நிலைக்குப் போனதாக முதற்கட்ட விசாரணை அறிக்கை கூறுகிறது. யாரால், ஏன் என்று கூறவில்லை.

1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் தரையிறங்க வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320, என்ஜின் விசை குறைந்திருந்த நிலையில் வேகமிழந்து, ஓடுபாதைக்கு முன்பாகவே கோல்ஃப் மைதானத்தில் மோதியது. விமானத்திலிருந்த 146 பேரில் 92 பேர் மாண்டனர். விழுந்த இடம் திறந்தவெளி. விடுதியாக இருந்திருந்தால் கணக்கே வேறு.

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமையும் என 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஓசூர் தொடங்கி குருபரப்பள்ளி வரை நெடுஞ்சாலையை ஒட்டித் தொழிற்சாலைகளும் தொழிலாளர் விடுதிகளும் பெருகிவருகின்றன. விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஓடுபாதையின் நேர்க்கோட்டில் பள்ளி, மருத்துவமனை, விடுதி வரலாமா என்பதையும் மனைப்பிரிவு அனுமதிக்கு முன்பே நகர் ஊரமைப்புத் துறை முடிவு செய்து, வரைபடத்தை ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும்.

– வாசகர், குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்