சைக்கிள் யாரிடமும் கோள் சொல்லாது

மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டது, இனிமேல் பெண்களுக்கு எதற்குச் சைக்கிள் என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆசிரியர் அறையில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், பெண் விடுதலை பேசிய மேடையிலிருந்து இறங்கி வந்த கையோடும் கேட்கிறார்கள். பெட்ரோல் போட வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம், உதைத்துக் கிளப்ப வேண்டாம், புடவையோடு ஏறி உட்காரலாம், பெண்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறதே என்கிறார்கள். இந்தப் 'பெண்களுக்கென்றே' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உடனே மிக்சிதான் நினைவுக்கு வரும். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் ஓரங்கட்டிய மிக்சியும் கிரைண்டரும் பெண்களுக்கென்றே வந்தவைதாம். அரைக்கிற கை மட்டும் மாறவில்லை.

நகருக்குள் போய்வர மின்வண்டியா மிதிவண்டியா என்ற பேச்சு எப்போதும் வேகம், செலவு, புகை, உடற்பயிற்சி என்றே சுற்றுகிறது. வண்டி யார் பேரில் இருக்கிறது, யாருடைய வேலைக்காகப் போகிறது, அது போன இடம் யாருக்கெல்லாம் தெரிகிறது என்று கேட்பதில்லை. இந்த மூன்றையும் கேட்டால், நகரத்துப் பெண்ணுக்கு மிதிவண்டியே மேல் என்பேன்.

திருச்சியில் பள்ளிக்கூட நேரத்துக்குத் தில்லைநகர்ப் பக்கம் நின்று பாருங்கள். பெண் ஓட்டும் ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பிள்ளை நிற்கும், பின்னால் ஒரு பிள்ளை புத்தகப்பையோடு உட்கார்ந்திருக்கும், கொக்கியில் சாப்பாட்டுக் கூடை தொங்கும். வண்டி வாங்குவதற்கு முன்பு இந்தப் பிள்ளைகளைப் பல வீடுகளில் அப்பாதான் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். மாமியாருக்குச் சர்க்கரை பார்க்க ஆட்டோ வந்தது. ரேஷன் கடைக்கு யாராவது போனார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "வண்டிதான் இருக்கே, ஒரு எட்டு போயிட்டு வந்துடேன்." இந்த ஒரு எட்டு ஒரு நாளைக்கு எத்தனை எட்டு என்று எண்ணிப் பார்த்த ஆண் யாரையும் நான் சந்தித்ததில்லை. ஸ்கூட்டரின் பின் இருக்கை காலியாக இருப்பதைக் குடும்பம் பொறுத்துக்கொள்ளாது. சைக்கிளில் போகிறவளிடம் மாமியாரை உட்காரவைத்துக் கூட்டிப்போ என்று யாரும் சொல்வதில்லை. அவள் தனியாகப் போகலாம்.

அடுத்தது, எனக்கு உறுத்தலாக இருக்கும் விஷயம். இன்று விற்கும் மின் ஸ்கூட்டர்கள் பல கைப்பேசிச் செயலியோடு வருகின்றன. வண்டி எங்கே நிற்கிறது, எந்த வழியாகப் போயிற்று, எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்பதைச் செயலியில் பார்க்கலாம். சிலவற்றில் ஓர் எல்லை வகுத்துவிட்டால், வண்டி அதைத் தாண்டியதும் தகவல் போகும். திருட்டைத் தடுக்க என்கிறார்கள். சரி, தகவல் யாருக்குப் போகிறது? செயலிக் கணக்கு யாருடைய எண்ணில் இருக்கிறதோ அவருக்கு. கடையில் தவணைக்குக் கையெழுத்துப் போட்டவர் கணவர், எண் கொடுத்தவரும் கணவர். உறையூரில் ஒரு கவிதை வாசிப்புக்கு வந்திருந்த தோழிக்கு ஏழரை மணிக்கு அழைப்பு வந்தது. "வண்டி இன்னும் அங்கேயே நிக்குதே?" அவ்வளவுதான் கேட்டார், கோபம்கூட இல்லை. அவள் தன் முறைக்குக் காத்திருக்காமல் எழுந்து போனாள். தனக்குத் தெரிவிக்காமல் இரண்டு மணி நேரம் எங்காவது இருந்துவிட்டு வருவது பெண்ணுக்குக் கிடைக்கும் அரிய சொத்து. அந்தச் சொத்தைப் பிடுங்க ஒரு லட்சம் ரூபாய்க்கு வண்டி வாங்கி, அதற்குப் பரிசு என்று பெயரும் வைத்திருக்கிறோம். சைக்கிள் எங்கே போயிற்று என்று சைக்கிளுக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

சார்ஜ் போடும் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரிந்ததுதான். மாடிப் போர்ஷனிலிருந்து சன்னல் வழியாக ஒயர் இறக்கினால் வீட்டுக்காரம்மா மீட்டரைப் பார்ப்பார். மின்வாரியம் ஒரு கணக்குப் போட்டால் வீட்டுக்காரர் யூனிட்டுக்குத் தன் கணக்கைப் போடுவார். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அந்தக் கனத்தை இரண்டு மாடி தூக்க வேண்டும். தூக்குவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

சைக்கிள் பெண்களுக்கு என்ன செய்யும் என்பதற்கு நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். பக்கத்தில் புதுக்கோட்டை இருக்கிறது. 1991இல் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்துக் கற்றுக்கொடுத்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டுவதையும் அதன் பகுதியாக்கினார். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிகளும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! அவர்களும் குடத்தையும் மூட்டையையும் ஏற்றினார்கள்தான். ஆனால் அதுவரை அதே சுமையைத் தலையிலும் இடுப்பிலும் சுமந்து நடந்தவர்கள் அவர்கள். பேருந்துக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது. கேலி பேசிய ஆண்கள் பேசினார்கள், இவர்கள் மிதித்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதை எழுதியிருக்கிறார், படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

இந்த நாட்டில் சைக்கிள் எளிய பொருளாக இருந்ததே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்த்தெரு வந்ததும் தலித்துகள் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டளை தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தது. அந்தத் தெருவில் இறங்காமல் மிதித்துப் போனதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் திட்டம் முதலில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு வந்தது. பிறகு எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஒரு தலித் பெண் பதினொன்றாம் வகுப்பில் சீட்டில் உட்கார்ந்து அந்தத் தெருவைக் கடந்ததை மானியக் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

அந்தச் சைக்கிள்கள் எல்லாம் இப்போது எங்கே? என் வகுப்பில் கேட்டேன். தம்பி எடுத்துக்கொண்டான், விற்றுவிட்டார்கள், வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. வயதுக்கு வந்த பெண் ஊருக்குள் மிதித்துக்கொண்டு திரிந்தால் நன்றாகவா இருக்கிறது என்று கேட்கும் அதே வீடு, அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்ததும் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள் என்கிறது. நடுவில் பத்து ஆண்டுகள் அவள் எதை ஓட்டினாள்?

அரசின் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2019 ஆகஸ்டில் மின்வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது. மிதிவண்டிக்கு 12. அது 5 ஆவதற்கு 2025 செப்டம்பர்வரை ஆயிற்று. ஆறு ஆண்டுகள், மோட்டார் வைத்தவரைவிட மிதித்தவர் அதிக விகிதத்தில் வரி கட்டினார். 250 வாட்டுக்கும் குறைந்த மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகம் என்றால் ஓட்டுநர் உரிமமோ பதிவோ வேண்டாம் என்று விதி இருக்கிறது. மிதிக்கும்போது கொஞ்சம் தள்ளிவிடும் மின் சைக்கிள் இந்த வகை. மூட்டுவலி உள்ளவர்களுக்கும் மேம்பாலம் ஏற வேண்டியவர்களுக்கும் அதுதான் பொருத்தம். ஆனால் 2019இல் தொடங்கிய ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 40 கிலோமீட்டர் வேகமாவது எட்டும் இருசக்கர வண்டிக்குத்தான் மானியம் கொடுத்தது. 2018இல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கொடுத்த 25,000 ரூபாய் மானியமும் உரிமம் வைத்திருந்தவர்களின் ஸ்கூட்டருக்குப் போயிற்று. உரிமம் எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத பெண்ணுக்கு ஓர் உதவி, கேட்டும் கிடைக்காதவளுக்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் விலையுயர்ந்த கியர் சைக்கிளில், ஹெல்மெட்டும் இறுக்கமான சட்டையுமாகக் கல்லணை வரை போய்வரும் ஆண்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் தங்கள் கட்சியில் சேர்க்க வேண்டாம். அவர்கள் திரும்பி வரும்போது இட்லி தயாராக இருக்கிறது.

வெயில் இருக்கிறது, மறுக்கவில்லை. மே மாதத் திருச்சியில் பதினொரு மணிக்கு மிதிப்பது தண்டனை. சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டியவர்களிடம் அதைப் போய்க் கேளுங்கள். தனியார் பேருந்துகள் உரசிக்கொண்டு போகின்றன, சைக்கிளுக்கென்று ஓரம் இல்லை. விடியுமுன் பூக்கூடையோடு சந்தைக்குப் போகிறவளுக்கு மின்வண்டி வேண்டுமானால் அவள் பேரில், அவள் எண்ணில் இருக்கட்டும். ஆனால் உறையூரிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் மூன்று கிலோமீட்டருக்குள். நகரத்துக்குள் பெண்களின் போக்குவரத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட தூரம்தான். அதற்கு ஒரு லட்சம் ரூபாய்க் கடனும் ஒரு கண்காணிப்பாளரும் தேவையா?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் சைக்கிள் கொட்டகையைப் பிரித்துக் கார் நிறுத்த இடம் செய்தார்கள். மாணவிகளின் சைக்கிள்கள் சுவரோரம் வேப்பமரத்தடிக்குப் போயின, மழையில் நனைந்தன. எழுதிக் கொடுத்தேன். "இப்ப யாரும்மா சைக்கிள்ல வர்றாங்க?" என்றார் நிர்வாகத்தில் ஒருவர். வெளியே வந்து எண்ணினேன். நாற்பத்தொன்று நின்றன.